எங்கள் கல்யாணத்துக்கு நாங்களே மைக் செட்

2025 ஏப்ரல் 27, ஞாயிறு

மண்டபம் பிடித்து இரண்டு மாதம் ஆகியும், வரவேற்பில் பாட்டுப் போட யாரை அழைப்பது என்ற பேச்சு எங்கள் வீட்டில் ஓயாமலே இருந்தது. இன்று காட்பாடிக்கு வந்து பேசிய டி.ஜே. ஒருவர் ஜூன் 7 மாலை மூன்று மணி நேரத்துக்கு 32,000 ரூபாய் கேட்டார். தொகைகூட எனக்கு அவ்வளவு உறுத்தவில்லை. அரை மணி நேரம் பேசியவர் லேசர் விளக்கு எத்தனை, புகை எந்த நேரத்தில், மேடையின் இரு பக்கமும் பொறி பறக்க வேண்டுமா என்றெல்லாம் விசாரித்தாரே தவிர, வருகிறவர்கள் யார், அவர்கள் என்ன பாட்டுக் கேட்பவர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவர் போன பிறகு சித்தப்பா மெல்ல வாயைத் திறந்தார். பள்ளிகொண்டாவில் இருபத்தைந்து ஆண்டு மைக் செட் வைத்திருந்தவர் அவர். ஆம்ப்ளிஃபையரையும் இரண்டு குழாய்களையும் இசைத்தட்டுப் பெட்டியையும் மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு பாலாற்று மணலைக் கடந்து அக்கரை ஊர்க் கல்யாணங்களுக்குப் போன கதைகளைக் கேட்டு வளர்ந்தவள் நான். ஒலிபெருக்கிப் பெட்டிகளை வாடகைக்கு எடுத்து, வயரை அவர் இழுத்து, கணினியில் பாட்டைத் தம்பி போட்டால் போதாதா என்று கேட்டார். அம்மாவுக்கு மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்களோ என்ற கவலை. அத்தையோ, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு என்று வேலூருக்கு ஏற்கெனவே பெயர் உண்டு, அதோடு டி.ஜே. இல்லாத கல்யாணமும் சேரட்டும் என்றார். கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் 1981ஆம் ஆண்டே கோயிலுக்குத் திரும்பிவிட்டார் என்பதால் பட்டியலில் ஓர் இடம் காலியாகத்தான் இருக்கிறது.

2025 மே 4, ஞாயிறு

அக்கினி நட்சத்திரம் இன்று தொடங்குகிறது. மின்விசிறியின் கீழே கணினியை வைத்துக்கொண்டு பகல் முழுவதும் பாட்டுப் பட்டியல் போட்டோம்.

மூன்று மணி நேரம் என்பது 180 நிமிடம். பாட்டு ஒன்றுக்கு நான்கு நிமிடம் என்றால் 45 பாட்டுகள். இந்தக் கணக்குச் சரிதான், ஆனால் வரவேற்பு என்பது ஒரே சீராக நகரும் மூன்று மணி நேரம் இல்லை. ஆறரை மணிக்கு நாற்காலியில் முப்பது பேர்தான் இருப்பார்கள், அவர்களும் பெரும்பாலும் வயதானவர்கள். அவர்களுக்கு ஐம்பதுகளின், அறுபதுகளின் பாட்டுகளைத் தாழ்ந்த ஒலியில் வைத்தால் பேசிக்கொண்டே கேட்பார்கள். பெண்ணழைப்பு முடிந்து நாங்கள் மேடைக்கு ஏறும்போது வேறு பாட்டு வேண்டும். வரிசை நீண்டு, பந்தியும் ஓடத் தொடங்கியபின் வாய்ப்பாட்டே இல்லாமல் வீணையோ புல்லாங்குழலோ போதும். இளையவர்கள் ஆட வேண்டும் என்றால் அது எட்டரைக்கு மேல்தான். ஆகவே ஒரே பட்டியலைக் கைவிட்டு ஐந்து பட்டியலாகப் பிரித்தோம். மாப்பிள்ளையின் ஊர் ஆம்பூர். தன் பக்கத்தில் இருந்து பன்னிரண்டு பாட்டுகளை அனுப்பியிருந்தார், அவற்றில் ஏழு நான் கேட்டே இராதவை. சண்டை வரவில்லை என்பதைப் பதிந்து வைக்கிறேன்.

பாட்டுகளை இணையத்தில் இருந்து நேரடியாக ஓட்டக் கூடாது என்பதில் தம்பி உறுதியாக இருந்தான். மண்டபத்தில் ஐந்நூறு பேர் கைப்பேசியோடு நுழைந்தால் சிக்னல் படுத்துவிடும், நடுவில் விளம்பரமும் வரலாம். எல்லாவற்றையும் முன்கூட்டியே கணினியில் ஏற்றிப் பென் டிரைவிலும் ஒரு படி எடுத்துக்கொண்டோம். பழைய பாட்டுகள் மெதுவாகவும் புதியவை செவிட்டில் அறைவது போலவும் இருந்ததால், எல்லாவற்றையும் ஒரே அளவு ஒலிக்குக் கொண்டுவரும் வேலைக்கே மாலை போய்விட்டது.

2025 மே 11, ஞாயிறு

மண்டபத்தைப் பார்க்கப் போனோம். சித்தப்பா உள்ளே நுழைந்ததும் நடுக்கூடத்தில் நின்று ஒருமுறை பலமாகக் கை தட்டினார். அது பளிங்குத் தரையிலும் மேற்கூரையிலும் பட்டு மூன்று நான்கு முறை திரும்பி வந்தது. காலியான கூடம் இப்படித்தான் கத்தும், ஆட்கள் உட்கார்ந்துவிட்டால் உடம்பும் துணியும் பாதியைக் குடித்துவிடும் என்றார். இன்று கேட்பதை வைத்து அன்றைக்கு ஒலி அளவை முடிவு செய்யக் கூடாது என்பதற்காக இதைச் சொன்னார்.

கூடத்தின் நீளம் சுமார் நூறு அடி. பொதுவாக மேடைக்கு இரு பக்கமும் ஆள் உயரத்துக்குப் பெரிய பெட்டிகளை அடுக்கி, கடைசி வரிசைக்குக் கேட்கும்வரை ஒலியைக் கூட்டுவார்கள். முன்வரிசையில் உட்கார வைக்கப்படும் தாத்தா பாட்டிகள்தான் அதன் முழு வேகத்தையும் வாங்குவார்கள். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபல் குறையும். கூடத்துக்குள் அவ்வளவு குறையாது என்றாலும் முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் உள்ள வேறுபாடு பெரியதுதான். சித்தப்பாவின் திட்டம் எளிமையானது. நான்கு சிறிய பெட்டிகள். இரண்டு மேடை அருகே, இரண்டு கூடத்தின் நடுவே பக்கச் சுவரை ஒட்டி. எல்லாம் உட்கார்ந்திருப்பவர் தலைக்கு மேல் உயர்ந்து, மக்களை நோக்கிச் சற்றே சாய்ந்து நிற்க வேண்டும். ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் ஓடும் என்பதால், மேடைப் பெட்டியின் சத்தம் பின்னால் இருப்பவரை ஒரு கணம் பிந்தித்தான் எட்டும். எல்லாப் பெட்டிகளும் ஒரே பலத்தில் பேசினால் மைக்கில் சொல்வது இரட்டையாகக் குழம்பும். நடுப் பெட்டிகளின் ஒலியைக் குறைத்தே வைத்தால் இந்தக் குழப்பம் பெருமளவு அடங்கிவிடும். இன்னொன்றும் சொன்னார்: இடது பெட்டிக்கு ஒன்று, வலது பெட்டிக்கு ஒன்று என்று பிரிக்காமல் எல்லாப் பெட்டிக்கும் ஒரே ஒலியை அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் இடப்பக்கம் உட்கார்ந்தவருக்கு வயலின் மட்டும் கேட்கும், பாட்டு வலப்பக்கத்துக்காரருக்குப் போய்விடும்.

புறப்படும்போது மேலாளர், பாட்டுப் போடுவதற்கு உரிமக் கட்டணம் கட்டிய ரசீது வேண்டும் என்றார். இதற்கு நான் தயாராகவே போயிருந்தேன். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 52(1)(za), சமயச் சடங்குகளில் பாட்டு இசைப்பதும் ஒலிப்பதிவை ஒலிக்க விடுவதும் உரிமை மீறல் ஆகாது என்கிறது. திருமண ஊர்வலமும் திருமணத்தோடு சேர்ந்த மற்ற விழாக்களும் அதில் அடங்கும் என்று அந்தப் பிரிவின் விளக்கமே கூறுகிறது. ஒன்றிய அரசின் தொழில் மற்றும் உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறையும் 2023 ஜூலையில் இதைப் பொது அறிவிப்பாக வெளியிட்டது. அச்செடுத்த தாளைக் கொடுத்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்து, மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். ரசீது பற்றி மறுபடி பேசவில்லை.

2025 மே 18, ஞாயிறு

மேளக்காரரைப் பார்க்க விரிஞ்சிபுரம் பக்கம் போனோம். செலவைக் குறைக்க நாதஸ்வரத்தையும் கணினியிலேயே போட்டுவிடலாம் என்று ஓர் உறவினர் யோசனை சொல்லியிருந்தார். ஒரு பதிவுக்கு ஐயர் எப்போது கை தூக்குவார் என்பது தெரியாது. தாலி முடியும் அந்த நிமிடத்தில் தும்மலோ வேண்டாத சொல்லோ காதில் விழக் கூடாது என்பதற்காகத்தான் கெட்டிமேளம். எதிரே நடப்பதைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கும் தவில்காரர் இல்லாமல் அதை வாசிக்க முடியாது. ஆகவே அந்த யோசனை வழியிலேயே நின்றுவிட்டது.

இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், தாளம், சுருதிப்பெட்டி. முந்தைய நாள் மாலைக்கும் முகூர்த்தத்துக்கும் சேர்த்து 18,000 ரூபாய் பேசி, வெற்றிலை பாக்கோடு முன்பணம் வைத்தோம். பெரியவர் இரண்டே நிபந்தனைகள் சொன்னார். அவர்கள் வாசிக்கும்போதும், வாசித்து முடித்த கையோடும் கணினிப் பாட்டைப் போடக் கூடாது. கேட்டவர் காதில் ராகம் சற்று நேரம் தங்க வேண்டும். அடுத்து, தவிலுக்கு முன்னால் மைக் வைக்கக் கூடாது. மேளத்துக்கு மைக் வைக்கிறவன் மேளம் கேட்டதில்லை என்று அவர் சொன்னபோது, ஒரு காலத்தில் வைத்தவரான சித்தப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

2025 மே 25, ஞாயிறு

வீட்டு மாடியில் ஒத்திகை. இன்று கற்றுக்கொண்டவை பெரும்பாலும் தவறு செய்து கற்றுக்கொண்டவை.

முதலில் புளூடூத்தில் இணைத்தோம். தம்பி கைப்பேசியோடு கீழே இறங்கியதும் பாட்டு விக்கி விக்கி நின்றது; சற்று நேரத்தில் அவனுக்கு வந்த கடன் அட்டை விற்பனை அழைப்பின் மணியோசை தெரு முழுவதும் கேட்டது. கம்பிதான் என்று முடிவாயிற்று. கைப்பேசி எதுவும் மிக்சர் (ஒலிகளைக் கலந்து அளவைக் கூட்டிக் குறைக்கும் கருவி) பக்கம் வரக் கூடாது. கம்பியில் இணைத்ததும் பெட்டியில் இருந்து வண்டு முரல்வது போல ஓர் இரைச்சல். கணினியின் சார்ஜரைப் பிடுங்கினால் அது நின்றது, செருகினால் வந்தது. கணினி ஒரு சுவரிலும் மிக்சர் இன்னொரு சுவரிலும் மின்சாரம் எடுத்ததால் இரண்டு எர்த்துக்கும் இடையே ஒரு வளையம் உண்டாகி, 50 ஹெர்ட்ஸ் மின்சாரமே பெட்டி வழியாகப் பாடுகிறது என்று சித்தப்பா விளக்கினார். இரண்டையும் ஒரே பலகையில் செருகியதும் அடங்கியது. சிலர் எர்த் முள்ளையே வெட்டி எறிந்து இரைச்சலை நிறுத்துவார்களாம். மைக்கைப் பிடிப்பவன் உயிரோடு விளையாடும் வேலை அது என்று தம்பியிடம் கடுமையாகச் சொன்னார்.

மைக் ஊளையிடுவதற்கு மருந்து, மைக்கைப் பிடிப்பவர் எப்போதும் பெட்டிகளுக்குப் பின்னால் நிற்பதுதான். இதை எத்தனை முறை சொன்னாலும் வாழ்த்துரை சொல்ல வரும் மாமாக்கள் மைக்கோடு முன்னால் நடந்து வருவார்கள் என்பதால், மைக்கின் வயரையே பத்தடிக்குமேல் போகாதபடி கட்டிவிடுவது என்று தீர்மானித்திருக்கிறோம்.

2025 ஜூன் 6, வெள்ளி

மாலையில் பெட்டிகள் மண்டபத்துக்கு வந்துவிட்டன. முகூர்த்தம் ஞாயிறு அதிகாலை 4.30 முதல் 6 வரை. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை மூடிய கூடத்துக்கு வெளியே ஒலிபெருக்கி கூடாது; வாசல் பந்தலில் ஒரு பெட்டி வைக்க வேண்டும் என்று கேட்ட பெரியப்பாவை இந்த விதியைச் சொல்லித்தான் சமாதானம் செய்தோம். எதிர்வீட்டில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருக்கிறது என்பது சித்தப்பா சொன்ன காரணம். பெரியப்பாவுக்கு அது போதுமானதாக இருந்தது.

கையில் மருதாணி. இதைத் தங்கை தட்டச்சு செய்கிறாள்.

2025 ஜூன் 9, திங்கள்

இரண்டு நாள் எழுத முடியவில்லை. முதலில் சனிக்கிழமை மாலை.

முதல் ஒரு மணி நேரம் நாங்கள் நினைத்ததைவிட நன்றாகவே போயிற்று. பழைய பாட்டுகள் ஓடும்போது முன்வரிசையில் இருந்தவர்கள் ஒருவர் காதில் ஒருவர் கத்தாமல் பேசிக்கொண்டிருந்ததை மணப்பெண் அறையின் கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். அன்று பக்ரீத். என்னோடு பள்ளியில் வேலை செய்யும் மேல்விஷாரத்துத் தோழி பண்டிகை வேலைகளை முடித்துக்கொண்டு எட்டு மணிக்கு வந்து, இங்கே பேசினால் கேட்கிறதே என்று வியந்தாள். எட்டேகாலுக்கு மின்சாரம் போய் ஜெனரேட்டர் வர அரை நிமிடம் ஆயிற்று. திரும்பி வரும்போது பெட்டி வெடிப்பது போல அதிரும் என்பதால் தம்பி மிக்சரைச் சுழியத்துக்கு இறக்கிவைத்து, பிறகு மெல்ல ஏற்றினான். பந்தியில் இருந்தவர்கள் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

தவறு அதற்குப் பிறகுதான் நடந்தது. மின்சாரம் போன பதற்றத்தில் பாட்டுச் செயலியை மூடித் திறந்த தம்பி, அது எங்கள் வரிசையை விட்டுவிட்டுக் கோப்புகளின் அகர வரிசையில் ஓடத் தொடங்கியதைப் பார்க்காமல் சாப்பிடப் போய்விட்டான். மாப்பிள்ளையின் தாத்தா எங்கள் தலையில் அட்சதை தூவும் நேரத்தில், மனைவியை இழந்த ஒருவன் தனியே நின்று உருகும் பாட்டுத் தொடங்கியது. அப்பா தனக்குப் பிடிக்கும் என்று பட்டியலில் நுழைத்திருந்த பாட்டு அது. மேடையில் நிற்கும் மணப்பெண்ணால் சிரித்துக்கொண்டிருப்பதைத் தவிர ஒன்றும் செய்ய முடியாது. சித்தப்பா கூடத்தின் மறுகோடியில் இருந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்ததையும், அவர் வந்து சேர்வதற்குள் சரணம் தொடங்கிவிட்டதையும், தாத்தா அட்சதையைக் கையில் வைத்துக்கொண்டே அந்தச் சரணத்தைச் சேர்ந்து முணுமுணுத்ததையும் நான் மறக்கப் போவதில்லை. இதைச் செய்ய நினைப்பவர்களுக்காக எழுதி வைக்கிறேன்: கோப்புகளின் பெயருக்கு முன்னால் 001, 002 என்று எண் போடுங்கள், பாட்டுப் போடுபவருக்கு மாற்று ஆள் ஒருவரை, அவர் சாப்பிடும் நேரத்துக்காவது, நியமியுங்கள்.

முகூர்த்தத்தன்று கணினியைத் திறக்கவே இல்லை. அதிகாலைக் குளிர்ச்சியில், மைக் இல்லாமல், நாதஸ்வரம் மட்டும் அந்த நூறடிக் கூடத்தின் கடைசி நாற்காலிவரை போனது. ஆனந்தபைரவி வாசித்துக்கொண்டிருந்தார் பெரியவர். ஐயரின் கை உயர்ந்ததும் தவில் இரண்டும் எழுந்தன. அதன் பிறகு எனக்கு எதுவும் கேட்டதாக நினைவில்லை.

2025 ஜூன் 10, செவ்வாய்

பெட்டிகளைத் திருப்பிக் கொடுக்கும் முன் கணக்குப் பார்த்தோம். நான்கு பெட்டி, மிக்சர், இரண்டு மைக், தாங்கிகள் எல்லாம் சேர்த்து வாடகை 7,500. கம்பிகளும் பலகையும் 1,100. ஏற்றி இறக்கிய ஆட்டோவுக்கு 900. ஏற்றி வைத்திருந்த 74 பாட்டுகளில் ஓடியவை 38 மட்டுமே, அதிலும் எட்டரைக்குப் பிறகு ஆடுவதற்காக வைத்திருந்த பட்டியலில் இருந்து மூன்று. அதற்குள் பாதிப் பேர் பந்தியில் இருந்தார்கள்.

வயர்களை முழங்கையில் முறுக்கிச் சுற்றிக்கொண்டிருந்த தம்பியை நிறுத்தி, ஒரு சுற்று மேலாகவும் ஒரு சுற்று உள்புரட்டியும் மடிக்க வேண்டும், அப்போதுதான் அடுத்த கல்யாணத்தில் சிக்கல் விழாமல் பிரியும் என்று சித்தப்பா காட்டிக்கொடுத்தார். கடைக்காரர் எண்ணிப் பார்த்துவிட்டு ஒரு மைக் கிளிப் குறைகிறது என்று 150 ரூபாய் பிடித்துக்கொண்டார். மாலையில் கூறைப் புடவையை மடித்தபோது அது கொசுவத்தில் இருந்து விழுந்தது.