கொள்ளை என்று கத்தும் முன் கூட்டிப் பாருங்கள்

1999 மார்ச் 13, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன். லெனாக்ஸ் லூயிஸும் எவாண்டர் ஹோலிஃபீல்டும் ஹெவிவெயிட் குத்துச்சண்டைப் பட்டத்துக்காகப் பன்னிரண்டு ரவுண்டு மோதி முடித்தார்கள். குத்துகளை எண்ணும் கம்ப்யூபாக்ஸ் கணக்குப்படி லூயிஸ் 613 குத்து விட்டதில் 348 இறங்கின. ஹோலிஃபீல்ட் 385 விட்டதில் 130. தீர்ப்பு டிரா. ஹெவிவெயிட் தீர்ப்புகளில் 'கொள்ளை' என்ற பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் இந்தச் சண்டையில்தான் வந்து நிற்கும். பழி முழுக்க ஒரே ஆளின் தலையில்: ஹோலிஃபீல்டுக்கு 115-113 என்று போட்ட ஜட்ஜ் யூஜீனியா வில்லியம்ஸ்.

அவருடைய கார்டில் (ரவுண்டு வாரியாகப் புள்ளி எழுதும் சீட்டில்) ஐந்தாம் ரவுண்டுதான் புண். லூயிஸ் ஹோலிஃபீல்டைக் கயிற்றோரம் தள்ளி வெளுத்த ரவுண்டு அது. இறங்கிய குத்து 43க்கு 11. அதை வில்லியம்ஸ் ஹோலிஃபீல்டுக்குக் கொடுத்தார். புகைப்படக்காரர்கள் பார்வையை மறைத்தார்கள் என்ற சமாதானம் பிறகு வந்தது. 43க்கு 11 என்ற இடத்தில் அது எடுபடாது.

சரி, ஒரு தாளை எடுத்து அந்த ரவுண்டை நாமே திருத்திவிடுவோம். ஹோலிஃபீல்டிடமிருந்து பிடுங்கி லூயிஸுக்குக் கொடுத்தால் வில்லியம்ஸ் கார்டு 114-114 ஆகிறது. மற்ற இரண்டில் தென்னாப்பிரிக்காவின் ஸ்டான்லி கிறிஸ்டோடூலு லூயிஸுக்கு 116-113. இங்கிலாந்தின் லாரி ஓ'கானல் 115-115. ஜெயிக்க மூன்றில் இரண்டு கார்டு வேண்டும்; இங்கே ஒரு கார்டு லூயிஸுக்கு, இரண்டு சமம். அப்போதும் முடிவு டிராதான். இருபத்தைந்து வருஷமாகத் திட்டு வாங்கும் அந்த ஒரு ரவுண்டைத் திருத்தியும் லூயிஸ் ஜெயிக்கவில்லை!

அப்படியானால் பட்டம் எங்கே நழுவியது? இதற்கு ஒரு சின்னக் கூட்டல் தெரிந்தால் போதும். இன்றைய 10 பாயிண்ட் முறையில் ரவுண்டை வென்றவருக்கு 10, தோற்றவருக்கு 9. ஆக, சாதாரண ரவுண்டுக்கு 19 புள்ளி. பன்னிரண்டு ரவுண்டுக்கு 228. ஜட்ஜ் ஒரு ரவுண்டைச் சமம் என்று 10-10 போட்டால் மொத்தம் ஒன்று ஏறும். ஒருவர் அடிபட்டு விழுந்து (நாக்டவுன்) 10-8 ஆனாலோ, தவறான குத்துக்கு ரெஃபரி ஒரு புள்ளி வெட்டினாலோ ஒன்று இறங்கும். ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும் கார்டும் உண்டு, அதனால் நாக்டவுன் எத்தனை, வெட்டு எத்தனை என்று முதலில் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். 1999 சண்டையில் நாக்டவுன் கிடையாது. ஓ'கானல் கார்டின் மொத்தம் 230. அதாவது ஆளுக்கு ஐந்து ரவுண்டு கொடுத்துவிட்டு, இரண்டு ரவுண்டை முடிவு செய்யாமலே விட்டிருக்கிறார். அதில் ஒன்றே ஒன்றை லூயிஸ் பக்கம் எழுதியிருந்தால் 115-114. கிறிஸ்டோடூலுவின் கார்டோடு சேர்ந்து இரண்டு ஆகிவிடும். வில்லியம்ஸ் என்ன போட்டிருந்தாலும் பட்டம் லூயிஸுக்கு. சத்தமில்லாமல் சண்டையை டிராவாக்கியது அந்த இரண்டு 10-10தான். (எட்டு மாதம் கழித்து லாஸ் வேகஸில் நடந்த மறுசண்டையில் லூயிஸ் மூன்று கார்டிலும் ஜெயித்தார். அதிலும் ஒரு கார்டு 115-113தான்.)

10-10 போட்டு நழுவுகிற பழக்கம் இதைவிட மோசமாக வெளிப்பட்டது 1994 ஏப்ரல் 22 அன்று, சீசர்ஸ் பேலஸில். மைக்கேல் மூரர் – ஹோலிஃபீல்ட். இரண்டாம் ரவுண்டில் ஹோலிஃபீல்ட் மூரரைத் தரையில் உட்கார வைத்தார். வழக்கப்படி 10-8. அந்த ரவுண்டின் மற்ற நேரத்தில் மூரர் நன்றாகச் சண்டையிட்டார் என்று நினைக்கிற ஜட்ஜ் 10-9 போடலாம். ஜெரி ராத் 10-10 போட்டார். அவருடைய இறுதிக் கார்டு மூரருக்கு 115-114. மற்றவை மூரருக்கு 116-112, சமமாக 114-114. ராத் அந்த ரவுண்டுக்கு 10-9 எழுதியிருந்தால் அவர் கார்டு 114-114. இரண்டு கார்டு சமம், சண்டை டிரா, பட்டம் ஹோலிஃபீல்டிடமே. 10-8 எழுதியிருந்தால் 114-113 என்று ஹோலிஃபீல்ட் பக்கம் சாய்ந்து, ஆளுக்கொரு கார்டாகி, அப்போதும் டிரா. எந்த வழியில் போனாலும் பட்டம் கை மாறியிருக்காது.

இதுவரை பார்த்தது ஜட்ஜ் விட்ட பிழை. சில சண்டைகளில் ஜட்ஜ் சரியாகவே பார்த்திருப்பார். முறைதான் காலை வாரிவிடும். 1947 டிசம்பர் 5, மேடிசன் ஸ்கொயர் கார்டன், ஜோ லூயி – ஜெர்சி ஜோ வால்காட். லூயி முதல் ரவுண்டிலும் நான்காம் ரவுண்டிலும் விழுந்தார். தோற்றுவிட்டோம் என்று நினைத்து, அறிவிப்புக்கு முன்பே மேடையை விட்டு இறங்கப் போனார். நியூயார்க்கில் அப்போது புள்ளி கிடையாது, ரவுண்டு எண்ணிக்கைதான். ரெஃபரியும் ஒரு கார்டு போடுவார். ரெஃபரி ரூபி கோல்ட்ஸ்டீன்: வால்காட்டுக்கு 7, லூயிக்கு 6, சமம் 2. ஜட்ஜ் ஃபிராங்க் ஃபோர்ப்ஸ்: லூயிக்கு 8, வால்காட்டுக்கு 6, சமம் 1. ஜட்ஜ் மார்ட்டி மன்ரோ: லூயிக்கு 9-6. பட்டம் லூயியிடமே தங்கியது.

அந்த முறையில் எதிராளியைத் தரையில் உருட்டிய ரவுண்டும் ஒன்று, ஜாப் (முன்கையால் விடும் நேர்க்குத்து) இரண்டு கூடுதலாகப் பட்ட ரவுண்டும் ஒன்று. வால்காட் கட்சிக்காரர்களின் ஆத்திரம் புரிகிறது. ஆனால் இன்றைய முறையில் போட்டால் என்ன வரும்? நாக்டவுன் ரவுண்டு இரண்டையும் மூவருமே வால்காட்டுக்குக் கொடுத்தார்கள் என்று வைத்துக்கொண்டு மூன்று கார்டிலும் லூயிக்கு இரண்டிரண்டு புள்ளி கழிப்போம். கோல்ட்ஸ்டீன் கார்டு வால்காட்டுக்கு 144-141. ஃபோர்ப்ஸ் கார்டு 142-142. மன்ரோ கார்டு லூயிக்கு 142-141. ஒன்று அவருக்கு, ஒன்று இவருக்கு, ஒன்று சமம். டிரா என்றால் பட்டம் பழைய சாம்பியனிடமே! வால்காட் அன்றும் வெறுங்கையோடுதான் போயிருப்பார்.

இதன் கண்ணாடிப் பிம்பம் 2018 டிசம்பர் 1, லாஸ் ஏஞ்சலீஸ். டியான்டே வைல்டர் ஒன்பதிலும் பன்னிரண்டிலும் டைசன் ஃபியூரியை விழுத்தாட்டினார். கார்டுகள் வைல்டருக்கு 115-111, ஃபியூரிக்கு 114-112, சமமாக 113-113. டிரா. மூன்றின் மொத்தமும் 226, அதாவது இரண்டு நாக்டவுன், 10-10 எதுவும் இல்லை. 113-113 கார்டைப் பிரித்தால் ஃபியூரிக்கு ஏழு ரவுண்டு, வைல்டருக்கு ஐந்து. 114-112 கார்டில் ஃபியூரிக்கு எட்டு. 1947இன் ரவுண்டு எண்ணிக்கைப்படி ஃபியூரி இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்திருப்பார். எந்த முறை சரி என்று கேட்டால் 10-8 பக்கம்தான் நிற்பேன். எழுந்திருப்பாரா மாட்டாரா என்று அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்ட ரவுண்டுக்கு ஒரு கூடுதல் புள்ளியாவது வேண்டும்.

பிரிட்டனின் பழைய முறை இன்னும் விசித்திரம். ஜட்ஜே கிடையாது, ரெஃபரி ஒருவர்தான் எல்லாம். ரவுண்டு வென்றவருக்கு 5, தோற்றவருக்குக் கால் கால் புள்ளியாகக் குறையும். 1971 மார்ச் 16, வெம்ப்ளியில் ஹாரி கிப்ஸ் பதினைந்து ரவுண்டு முடிந்து ஜோ பக்னரின் கையைத் தூக்கினார்: 73¾க்கு 73½. ஹென்றி கூப்பரின் பிரிட்டிஷ், காமன்வெல்த், ஐரோப்பியப் பட்டங்கள் மூன்றும் கால் புள்ளியில் போயின. கூப்பர் அதோடு ஓய்வு பெற்றார். ஒரே ஒருவர் போடும் கார்டில் கால் புள்ளிக்கு மேல்முறையீடு எங்கே செய்வது?

முகமது அலி – கென் நார்ட்டன் மூன்றாம் சண்டையில் (1976 செப்டம்பர் 28, யாங்கீ ஸ்டேடியம்) பழியை முறையின் மேலும் போட முடியாது. நாக்டவுன் இல்லை. ரவுண்டுக் கணக்கில் ஜட்ஜ் இருவரும் அலிக்கு 8-7, ரெஃபரி ஆர்தர் மெர்கான்டே 8-6-1. பதினைந்தாம் ரவுண்டு தொடங்கும்போது ஜட்ஜ்கள் கார்டு 7-7. நார்ட்டனின் மூலையில் இருந்தவர்களோ ஜெயித்துவிட்டோம், ஜாக்கிரதையாக ஆடினால் போதும் என்று சொல்லி அனுப்பினார்கள். கார்டு யார் கண்ணுக்கும் தெரியாத சண்டையில் அது சூதாட்டம். அந்த ரவுண்டு அலிக்குப் போனது, கூடவே சண்டையும். நார்ட்டன்தான் ஜெயித்தார் என்பவர்கள் இன்றும் ஏராளம். அவர்கள் காட்டவேண்டியது பதினைந்தாவது அல்ல, அதற்கு முன் அலிக்குப் போன ஏழில் எது தவறு என்பதை.

அதைக் காட்ட நீங்களே ஸ்கோர் போட்டுப் பார்க்கவேண்டும். முதல் வேலை, வர்ணனையை மியூட் செய்வது. வர்ணனையாளர் ஒருவர் பெயரையே சொல்லிக்கொண்டிருந்தால் நம் கண்ணும் அவர் பின்னாலேயே போகும். கூட்டத்தின் இரைச்சலும் அப்படித்தான். கையுறையில் பட்டுத் தெறித்த குத்துக்கும் அரங்கம் கத்தும். முகத்திலோ உடம்பிலோ சுத்தமாக விழுந்ததை மட்டும் எண்ணுங்கள், அதிலும் ஆளை அசைத்ததற்கு எடை அதிகம். முன்னேறி வருவது மட்டும் போதாது; அடி வாங்கிக்கொண்டே முன்னேறுகிறவர் ரவுண்டை வெல்வதில்லை. சண்டையை யார் நடத்துகிறார், யார் தப்பிக்கிறார் என்பதெல்லாம் குத்தில் பிரிக்கமுடியாதபோதுதான்.

மணி அடித்த உடனே எழுதிவிடுங்கள், ரீப்ளே பார்க்காமல். ஜட்ஜுக்கு ரீப்ளே கிடையாது. எழுதியதைக் கவிழ்த்து வையுங்கள்; அங்கேயும் ஒவ்வொரு ரவுண்டுக்கும் சீட்டை வாங்கிப் போய்விடுவார்கள். 'இவர் பின்தங்கிவிட்டாரே' என்று இரக்கப்பட்டு அடுத்த ரவுண்டைக் கொடுக்கும் வழி அதில் அடைபடும். அதிகம் ஏமாற்றுவது கடைசி முப்பது வினாடி. இரண்டரை நிமிடம் சும்மா இருந்தவர் முடிவில் சரமாரியாக விட்டால் அதுதான் மனதில் நிற்கும். பாதி ரவுண்டில் யார் முன்னால் என்று ஒரு கோடு போட்டு வைத்தால் இது பாதி அடங்கும். உங்களுக்குக் கிடைப்பது கேமரா கோணம், ஜட்ஜுக்குக் கிடைப்பது மேடையின் ஒரே பக்கம், நடுவே ரெஃபரியின் முதுகு. அதனால் நெருக்கமான ரவுண்டில் ஜட்ஜோடு ஒத்துப்போகாதது ஒன்றும் பெரிய விஷயமல்ல.

கம்ப்யூபாக்ஸை முடிந்த பிறகு பாருங்கள். ஆளுக்கு ஒரு சண்டைக்காரராக இருவர் பார்த்துப் பட்டனை அழுத்தும் கணக்கு அது. லேசாகத் தொட்ட ஜாபும் தாடையைத் திருப்பிய வலக்கைக் குத்தும் அதன் மொத்தத்தில் ஒவ்வொரு குத்துதான். மொத்த எண்ணிக்கையும் ஏமாற்றும், ஏனென்றால் ஒரே ரவுண்டில் 32 குத்து கூடுதலாக இறக்கினாலும் கிடைப்பது ஒரு ரவுண்டுதான்.

பழகுவதற்கு அந்த அலி – நார்ட்டன் சண்டையே நல்லது. பதினைந்து ரவுண்டு, நாக்டவுன் இல்லை, மொத்தம் 285 வரவேண்டும். உங்கள் கூட்டல் 287 என்று வந்தால் இரண்டு ரவுண்டில் நீங்களும் ஓ'கானல்தான்.