சுடுநீர்ச் செலவைக் குறைக்க வந்தவர்களும் சொட்டிக்கொண்டிருந்த வால்வும்

மூட்டுவலியுள்ள அம்மாவுக்கு எந்த நேரத்திலும் வெந்நீர் தேவைப்படும் என்பதால், ஆதம்பாக்கத்தில் உள்ள எங்கள் அடுக்ககத்தில் 25 லிட்டர் கெய்சரின் சுவிட்சை நாங்கள் அணைப்பதே இல்லை. வழக்கமாக 470 யூனிட் அளவில் நின்ற இரண்டு மாத மின்கணக்கு திடீரென 590-க்கு ஏறியது. 500 யூனிட்டைத் தாண்டினால் அதற்குக் கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் சலுகை குறைந்துவிடும் என்பதால், கூடுதல் தொகை மனதை உறுத்தியது.

முதலில் வந்த சர்வீஸ்காரர், போர்வெல் தண்ணீரின் உப்புப் படிவுதான் காரணம் என்று சொல்லி, ஹீட்டிங் காயிலை மாற்றி, 1,900 ரூபாய் வாங்கிக்கொண்டு, கட்டணம் பாதியாகும் என்று உறுதியளித்துச் சென்றார். உப்புப் படிந்தால் நீர் சூடாவது தாமதமாகும், காயில் சீக்கிரம் எரிந்துபோகும். ஆனால் நீருக்குள் இருக்கும் காயிலின் வெப்பம் எப்படியும் அந்த நீருக்குத்தான் போகிறது என்பதால், அதனால் மட்டும் 120 யூனிட் கூடிவிடாது. அடுத்த கணக்கிலும் குறையாமல் அதே உயர்ந்த எண்ணே வந்தபோதுதான் இது எனக்குப் புரிந்தது. சோலார் ஹீட்டர் விற்பவரோ, மொட்டைமாடி எல்லோருக்கும் பொதுவானது என்று சொன்ன பிறகும் விலைப்பட்டியலை நீட்டிக்கொண்டே இருந்தார்.

பக்கத்துத் தெருவில் இருக்கும் வயதான எலக்ட்ரீஷியன் ஒருவர்தான், எதையும் கழற்றுவதற்கு முன்பு, "அம்மா, மத்தியானத்துக்கு மேல் யாராவது குளித்தீர்களா?" என்று கேட்டார். இல்லை என்றதும், தொட்டிக்குள் அழுத்தம் கூடினால் நீரை வெளியே விடும் சேஃப்டி வால்விலிருந்து கழிவுநீர்க் குழாய்க்குள் செல்லும் மெல்லிய குழாயைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். அது கதகதப்பாக இருந்தது. நீர் சூடாகும்போது அந்த வால்வில் சில சொட்டுகள் விழுவது இயல்புதான், ஆனால் எங்கள் வால்வு பழுதாகி, வெந்நீரை இரவும் பகலும் கண்ணில் படாமல் சாக்கடைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. 25 லிட்டர் நீரை 28 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற ஏறத்தாழ ஒரு யூனிட் ஆகும் என்று அவர் கணக்குச் சொன்னபோது, நாளுக்கு இரண்டு யூனிட் போன வழி தெளிவானது.

வால்வை மாற்ற அழைத்த பிளம்பர், புதியது எதற்கு, அந்த வாயை அடைத்துவிடலாம் என்றார். தயவுசெய்து யாரும் இதற்குச் சம்மதிக்காதீர்கள். சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் பழுதாகும் நாளில் உள்ளே பெருகும் அழுத்தம் வெளியேற வழியில்லாமல் தொட்டியே வெடிக்கக்கூடும். அவரை அனுப்பிவிட்டு நானே பாரிமுனைக்குப் போய் ஒரு வால்வு வாங்கி வந்தேன், ஆனால் கெய்சரின் தகட்டில் 8 பார் என்றிருக்க, வாங்கியது வேறு அழுத்தத்துக்கானது என்பதால் அரைநாளும் பேருந்து அலைச்சலும் வீணாயின. புறப்படும் முன் அந்தத் தகட்டைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

சரியான வால்வைப் பொருத்தி, தெர்மோஸ்டாட்டை 75-லிருந்து 60-க்கு இறக்கிக் கொடுத்த அந்தப் பெரியவர் கூலியாகக் கேட்டது 350 ரூபாய்தான். சென்ற வாரம் எடுத்த கணக்கில் 448 யூனிட் வந்திருக்கிறது. சுவிட்ச் இப்போதும் அணைக்கப்படுவதில்லை.