சுகர் மாத்திரையும் கேன்சரும்

“மெட்ஃபார்மின் சாப்பிட்டால் கேன்சர் வராதாமே?” என்று இந்த மாதம் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். தினம் இரண்டு வேளை அதே மாத்திரையை விழுங்குகிறவன் நான், எனக்கும் அந்த ஆசை இருக்காதா?

பேச்சு சும்மா கிளம்பவில்லை. 2005-இல் ஸ்காட்லாந்தில் சுகர்காரர்களின் மருத்துவப் பதிவுகளைப் புரட்டியவர்கள், மெட்ஃபார்மின் எடுத்தவர்களுக்குக் கேன்சர் குறைவாக வந்திருப்பதைக் கவனித்தார்கள். பிறகு வந்த இதுபோன்ற ஆய்வுகள் சிலவற்றில் கணக்கே கோணல் என்று புள்ளியியல்காரர்கள் பிடித்தார்கள். மாத்திரை தொடங்கும்வரை கேன்சர் இல்லாமல் இருந்தால்தானே ஒருவர் அந்தப் பட்டியலில் வரவே முடியும், அந்தக் காலத்தையும் மாத்திரையின் கணக்கில் வரவு வைத்துவிட்டார்கள். 2022-இல் வந்த பெரிய சோதனை முடிவு இன்னும் தெளிவு: சுகர் இல்லாத மார்பகப் புற்றுநோயாளிகள் 3,649 பேர், 850 மி.கி. இரண்டு வேளை, ஐந்து வருடம். வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட மொத்தத்தில் பெரிய லாபம் எதுவும் இல்லை.

ஆனால் ஆய்வகத் தட்டில் கேன்சர் செல்கள் அடங்கத்தான் செய்கின்றன. செல்லுக்குச் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் முதல் கட்டத்தையே மெட்ஃபார்மின் முடக்குகிறது, சக்தி பற்றாக்குறை என்று தெரிந்ததும் செல் வளர்ச்சியை நிறுத்திவைக்கிறது. சிக்கல் அளவில். தட்டில் ஊற்றுவது பெரும்பாலும் மாத்திரை போட்டவர் ரத்தத்தில் இருப்பதைப்போல் நூற்றுக்கணக்கான மடங்கு! போதாததற்கு, இது செல்லுக்குள் தானாக நுழையாது, உள்ளே கொண்டுபோக ஒரு கடத்திப் புரதம் வேண்டும். கல்லீரலில் அது தாராளம், கட்டியில் இருக்கும் என்று சொல்ல முடியாது.

அதனால் வேதியியலாளர்கள் மாத்திரையை விட்டுவிட்டு மூலக்கூறைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்குப் பிடித்தது மைட்டோ-மெட்ஃபார்மின். பத்து கார்பன் நீளத்துக்கு ஒரு வால், அதன் நுனியில் நேர்மின்னேற்றம் உள்ள ஒரு தொகுதி, அவ்வளவுதான் மாற்றம். மைட்டோகாண்ட்ரியாவின் உட்புறம் எதிர்மின்னேற்றம் உள்ளது என்பதால் மருந்து அங்கேயே போய்க் குவிகிறது. கணையப் புற்றுநோய் செல்களின் பெருக்கத்தைத் தடுப்பதில் மெட்ஃபார்மினைவிடக் கிட்டத்தட்ட 1,000 மடங்கு வீரியம் என்று 2016-இல் எழுதினார்கள். செல்களில்தான், மனிதர்களில் இல்லை.

வீரியம் கூடினால் போதுமா என்பதுதான் என் சந்தேகம். இதே குடும்பத்தில் ஃபென்ஃபார்மின் என்று ஒன்று இருந்தது, மெட்ஃபார்மினைவிட வலுவானது, ரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறி ஆட்கள் இறந்ததால் 1970-களின் கடைசியில் பல நாடுகளில் நிறுத்திவிட்டார்கள். சரி, அது பழைய கதை என்றால், அதே முதல் கட்டத்தை அடைக்கவே புதிதாகச் செய்த இன்னொரு மருந்தையும் (அது சுகர் மருந்து அல்ல) கேன்சர் நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்தார்கள். அங்கேயும் லாக்டேட் ஏறியது, நரம்பு பாதித்தது, சோதனையை நிறுத்தினார்கள். நரம்புக்கும் மைட்டோகாண்ட்ரியாதானே சோறு போடுகிறது.

கேட்ட மூவரிடமும் இவ்வளவையும் சொன்னேன். ஒருவர், “அப்போ நான் போடலாமா, வேண்டாமா?” என்றார். அவருக்குச் சுகரே கிடையாது.