'பேராசை பெருநட்டம்' என்று எழுதினால் மதிப்பெண் வராது

ஆங்கில இலக்கியத் தேர்வுகளில் சுற்றிச் சுற்றி வரும் கேள்வி ஒன்று உண்டு: செல்வமும் பேராசையும் மனிதர்களை எப்படிக் கெடுக்கின்றன என்பதை நீங்கள் படித்த நாவல்களைக் கொண்டு விளக்குக. பார்த்தால் எளிதாகத் தெரியும். கதைச் சுருக்கத்தை எழுதி, கடைசியில் 'பேராசை பெருநட்டம்' என்ற பழமொழியை வேறு வார்த்தைகளில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிடலாம். தேர்ச்சி கிடைக்கும், நல்ல மதிப்பெண் கிடைக்காது. முதுகலையில் இந்தப் பகுதியை நான் படித்த முறையையும், பிறகு ஜூனியர்களுக்குச் சொல்லிக்கொடுத்தபோது கைகொடுத்த சிலவற்றையும் எழுதுகிறேன்.

முதலில், செல்வமும் பேராசையும் ஒன்றல்ல. 1925-இல் வந்த 'தி கிரேட் கேட்ஸ்பி'யின் டாம், டெய்சி தம்பதியைப் பாருங்கள். பிறந்ததிலிருந்தே பணத்தில் இருப்பவர்கள், இன்னும் வேண்டும் என்று அலைவதில்லை. ஆனால் அந்த நாவலில் அதிகம் கெட்டுப்போனவர்கள் அவர்கள்தான். காரை ஓட்டி ஒரு பெண்ணைக் கொன்றவள் டெய்சி. அன்றிரவே கணவனும் மனைவியும் சமையலறை மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். பழி, டெய்சியைக் காதலிக்கும் நாயகன் கேட்ஸ்பி மேல் விழுகிறது, உயிரும் போகிறது, அவனுடைய அடக்கத்துக்குக்கூட அவர்கள் வரவில்லை. 'சைலஸ் மார்னர்' நாவல் இதற்கு நேர் எதிர். அதன் நாயகனான நெசவாளி சைலஸ் இரவுதோறும் பொற்காசுகளை எண்ணி மகிழ்கிறான், செலவழிப்பதே இல்லை. பேராசைக்காரன்தான், ஆனால் அவனால் யாருக்கும் கெடுதல் இல்லை. இந்த இரண்டு வகையையும் பிரித்துக்காட்டும் ஒரு பத்தி விடையின் தொடக்கத்தில் இருந்தாலே, மற்றவர்களின் விடைத்தாளிலிருந்து உங்களுடையது விலகி நிற்கும்.

அடுத்தது படிக்கும் முறை. முதல் தடவை கதைக்காகப் படியுங்கள். இரண்டாம் தடவை பணம் கைமாறும் இடங்களை மட்டும் குறித்துக்கொண்டு போங்கள். யார் கொடுத்தது, யார் வாங்கியது, அதற்குப் பிறகு இருவரும் ஒருவரையொருவர் எப்படி அழைத்துக்கொள்கிறார்கள், இவ்வளவு போதும். எல்லா நாவலுக்கும் இது பலிக்காது என்றாலும் சார்லஸ் டிக்கன்ஸின் நாவல்களுக்கு அருமையாகப் பலிக்கும்.

1860-61இல் தொடராக வந்த அவருடைய 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலையே எடுத்துக்கொள்வோம். பணம் வந்ததும் நாயகனான ஏழைச் சிறுவன் பிப் மாறிவிட்டான் என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். நாவலில் அப்படி இல்லை. பணக்காரியான மிஸ் ஹாவிஷாம் வீட்டுக்குப் போன முதல் நாளே, அவள் வளர்க்கும் பெண் எஸ்டெல்லா அவனுடைய கரடுமுரடான கைகளையும் தடித்த பூட்ஸையும் கேலி செய்கிறாள். வீடு திரும்பும்போதே தன் கைகளைப் பார்க்க அவனுக்கு வெட்கமாகிவிடுகிறது. பணம் வருவதற்கு இன்னும் பல வருடம் இருக்கிறது. ஆக, கெடுதலின் விதை பேராசை அல்ல, வெட்கம். பணம் அந்த வெட்கத்துக்கு வசதி செய்து கொடுத்தது, அவ்வளவுதான். இதை ஒரு வாக்கியத்தில் நிறுவிவிட்டால் மீதி விடை தானாக நகரும்.

பிப்பை வளர்த்த அக்கா கணவர், கொல்லர் ஜோ, லண்டனுக்கு அவனைப் பார்க்க வருகிற காட்சி இந்தக் கேள்விக்கென்றே எழுதியதுபோல இருக்கும். பணம் கொடுத்து அவர் வருகையைத் தடுக்க முடிந்திருந்தால் கொடுத்திருப்பேன் என்று பிப்பே ஒப்புக்கொள்கிறான். பணத்தால் எதை வாங்கப் பார்க்கிறான் பாருங்கள்: தன்னை வளர்த்தவர் இல்லாத ஓர் அறையை! ஜோவும் பாதி நேரம் 'சார்' என்கிறார், பாதி நேரம் பழையபடி 'பிப்' என்கிறார். வைத்த இடத்தில் நிற்காமல் அவருடைய தொப்பி விழுந்துகொண்டே இருக்கிறது. இந்த அழைப்புத் தடுமாற்றத்தைச் சுட்டிக்காட்டினால் பத்து வரிக் கதைச் சுருக்கம் தேவையில்லை.

இதோடு இன்னொரு காட்சியைக் கோத்துவிடுங்கள். பிப் லண்டனுக்குக் கிளம்புவதற்கு முன், அவனை இழப்பதற்கு ஈடாகப் பணம் வேண்டுமா என்று வக்கீல் ஜாகர்ஸ் ஜோவிடம் கேட்கிறார். ஜோவுக்குக் கோபம் வருகிறது. குழந்தைக்கு விலை இல்லை என்பது அவர் கணக்கு. பிறகு கடனில் சிக்கி பிப் நோயில் விழும்போது, அந்தக் கடனைச் சத்தமில்லாமல் அடைப்பவரும் அவர்தான். நாவலில் பணத்தை அழுக்காகாமல் கையாளும் மனிதர் அநேகமாக இவர் ஒருவரே. பிப்பும் நண்பன் ஹெர்பர்ட்டுக்கு ரகசியமாக ஒரு தொழிலில் பங்கு வாங்கித் தருகிறான். செல்வம் எல்லாவற்றையும் கெடுக்கிறது என்று ஒரே போடாகப் போடும் விடைக்கு இது இடிக்கும். அதனாலேயே சேர்த்து எழுதுங்கள், வாதம் கூர்மையாகும்.

'சைலஸ் மார்னர்' பற்றி எழுதுபவர்கள் சைலஸோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கு அதில் சுவாரசியமானவன் காட்ஃப்ரே காஸ். ஊர்ப் பெரியவரின் மூத்த மகன். ரகசியத் திருமணம் செய்த மனைவி பனியில் இறந்து கிடக்கிறாள், குழந்தை சைலஸின் வீட்டில் இருக்கிறது. அது தன் குழந்தை என்று சொன்னால் சொத்து போய்விடும், நினைத்த பெண்ணும் கிடைக்க மாட்டாள். வாயைத் திறக்கவில்லை. திருடவில்லை, கொல்லவில்லை, பேசாமல் இருந்தான், அவ்வளவே. பதினாறு வருடம் கழித்து வந்து, வசதியான வாழ்க்கை தருகிறேன் என்று மகளைக் கேட்கிறான். அவள் மறுக்கிறாள். பேராசை என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு காசு சேர்ப்பது மட்டும்தான் என்று நினைப்பவர்களுக்கு காட்ஃப்ரே கண்ணில் படவே மாட்டான்.

1947-இல் வந்த 'தி பேர்ள்' பாடத்தில் இருந்தால் கொஞ்சம் எச்சரிக்கை தேவை. பெரிய முத்து ஒன்றைக் கண்டெடுக்கும் ஏழை முத்துக்குளிப்பவன் கினோ பேராசைக்காரன் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதாதீர்கள். முத்து கிடைத்ததும் அவன் விரும்பியவை என்ன? தேவாலயத்தில் திருமணம், புதுத் துணி, ஒரு ஈட்டி, ஒரு துப்பாக்கி, மகனுக்குப் படிப்பு. தேள் கொட்டிய குழந்தையைப் பார்க்க மறுத்து, முத்துச் செய்தி கேட்டதும் ஓடி வரும் மருத்துவரும், தனித்தனி வியாபாரிகள்போல் நடித்து விலையைக் குறைக்கும் முத்து வாங்குபவர்களும் அல்லவா பேராசைக்காரர்கள்? ஏழை கொஞ்சம் ஆசைப்பட்டால் அதற்குப் பேராசை என்று பெயர் வைத்துவிடுவது நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம். அதே சமயம், முத்தைக் கடலில் எறியப் போன மனைவி ஹுவானாவை அவன் அடிக்கிறான் என்பதையும் மறைக்கக் கூடாது. ஆசை நியாயமானது, அடி நியாயமற்றது. இரண்டையும் ஒரே பத்தியில் வையுங்கள்.

இன்னொரு விஷயம், கதையைச் சொல்வது யார் என்று பாருங்கள். பிப்பின் கதையைச் சொல்வது பெரியவனாகிவிட்ட பிப். நம்மைவிடக் கடுமையாக அவனே தன்னைத் திட்டிக்கொள்கிறான், எனவே நாம் படிப்பது ஒரு வாக்குமூலம். கேட்ஸ்பியின் கதையைச் சொல்லும் நிக், டெய்சியின் உறவினன். அவர்கள் விருந்துகளில் உட்கார்ந்துகொண்டேதான் அவர்களை எடைபோடுகிறான். அவன் தீர்ப்பை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. இந்தக் கேள்விக்கு உத்தி பற்றி எழுத இடமில்லை என்று நினைத்து விட்டுவிடுகிறவர்கள் அதிகம். எனக்கு இந்தப் பத்திதான் எப்போதும் மதிப்பெண் வாங்கித் தந்தது.

ஆசிரியரின் வாழ்க்கை வரலாற்றை அளவோடு வையுங்கள். டிக்கன்ஸின் தந்தை 1824-இல் கடனுக்காகச் சிறை சென்றார், சிறுவன் டிக்கன்ஸ் பூட்ஸ் பாலிஷ் தயாரிக்கும் இடத்தில் வேலை செய்தான். இது ஒரு வாக்கியம். அரைப் பக்கமானால் கேள்வியை விட்டு விலகிவிட்டீர்கள்.

தேர்வறையில் இரண்டு நாவல்கள் போதும், மூன்றாவதை ஓரிரு வரியில் தொட்டுச் செல்லலாம். நீண்ட மேற்கோள்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். மூன்று நான்கு சொல்லுள்ள துண்டுகளை உங்கள் வாக்கியத்துக்குள்ளேயே செருகுங்கள். ஒவ்வொரு பத்தியும் கதாபாத்திரம் செய்த ஒரு செயலில் தொடங்கட்டும். 'பிப் நன்றி கெட்டவனானான்' என்பதைவிட 'ஊருக்குப் போனபோது பிப் ஜோவின் வீட்டில் தங்காமல் விடுதியில் தங்கினான்' என்று தொடங்குவது எளிது, திருத்துபவருக்கும் நீங்கள் நாவலைப் படித்திருக்கிறீர்கள் என்று உடனே தெரியும். நேரம் போதவில்லை என்றால் முடிவுரையைச் சுருக்குங்கள், ஜோ வரும் காட்சியைச் சுருக்காதீர்கள்.