நாய் கவ்விய கோழியும் எங்கள் குளியலறையும்

நாமக்கல் பக்கம் கோழியை ஆயிரத்தில்தான் எண்ணுவார்கள். "எத்தனை கோழிங்க?" என்று கேட்டால் "இருபது" என்பார்கள். இருபதாயிரம் என்று நாம்தான் புரிந்துகொள்ள வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் ஒற்றை நாட்டுக்கோழிக்கு வைத்தியம் பார்த்தேன் என்றால் சிரிக்கத்தான் செய்வார்கள். சிரித்தார்கள்.

அதன் பெயர் சிலுப்பி. எந்நேரமும் இறகைச் சிலுப்பிக்கொண்டு நிற்கிறது என்று மகள் வைத்த பெயர். ஆடி மாதத்தில் ஒரு சாயங்காலம் தெருநாய் ஒன்று வேலியில் நுழைந்து அதன் முதுகைக் கவ்விவிட்டது. விளக்குமாற்றோடு நான் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் வாசலெல்லாம் இறகு. கோழியைக் காணோம். டார்ச் அடித்துத் தேடினால், விறகுக்குப் பின்னால் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு சத்தமே இல்லாமல் உட்கார்ந்திருக்கிறது. வாலுக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குத் தோல் கிழிந்து, உள்ளே சதை தெரிந்தது.

அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மிணி, இது தேறாது. உசுரு இருக்கறப்பவே அறுத்துட்டா ஒரு நேரக் கொழம்பாச்சும் ஆவும்" என்றார். அவர் சொன்னதில் கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. ஐம்பது வருடமாகக் கோழி வளர்க்கிறவர். ஆனால் மகள் போட்ட சத்தத்தில் பேச்சு அதோடு நின்றது.

முதல் தப்பை நான்தான் செய்தேன். ரத்தத்தைப் பார்த்த பதற்றத்தில் ஒரு கை மஞ்சள்தூளை அள்ளி அப்பிவிட்டேன். ரத்தம் நின்றது நிஜம். ஆனால் நாயின் எச்சில், மண், ஒட்டிய இறகு எல்லாவற்றையும் உள்ளே வைத்து அடை தட்டின மாதிரி காய்ந்துபோனது. மறுநாள் அதை ஊறவைத்து எடுக்க அரை மணி நேரம் ஆனது. கோழி பட்ட வலி என் கையில் தெரிந்தது. முதலில் கழுவ வேண்டும், மஞ்சளெல்லாம் பிறகுதான்.

1962க்குப் போன் செய்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும் என்று தெரியும். ஒரு கோழிக்காகக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. காலையில் வயர் கூடையில் துண்டைப் போட்டு, கோழியை உட்கார வைத்து, ஸ்கூட்டரில் ஒரு கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனேன். செத்த தோலைக் கத்தரித்துவிட்டு, "தையல் வேண்டாம்மா. நாய்க்கடியைத் தைச்சு மூடுனா சீழ் உள்ளயே தங்கிரும். தொறந்தே ஆறட்டும்" என்றார். கிருமிக்கும் வலிக்கும் மருந்து எழுதிக் கொடுத்தார். மருந்து நிறுத்தி அவர் சொல்லும் நாள் வரைக்கும் முட்டையைச் சாப்பிடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். வெறிநோய் வருமா என்று கேட்டேன். அது பாலூட்டிகளுக்கு வருகிற நோய், கோழியைப் பற்றிக் கவலை வேண்டாம், ஆனால் அந்த எச்சில் பட்ட உங்கள் கையில் கீறல் இருக்கிறதா என்று திருப்பிக் கேட்டார். நல்லவேளை, இல்லை.

அன்றிலிருந்து குளியலறை சிலுப்பிக்கு. மற்ற கோழிகளோடு விட முடியாது. சிவப்பாக ஏதாவது தெரிந்தால் கூட்டமே கூடிக் கொத்தித் தின்றுவிடும். அட்டைப்பெட்டியில் பழைய வேட்டியை விரித்து, அதை மட்டும் தினம் மாற்றினேன். வைக்கோல் போட்டால் புண்ணில் ஒட்டும்.

காலையும் மாலையும் கழுவல். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து 9 கிராம் உப்பு, அதாவது மட்டமாக ஒன்றரை டீஸ்பூன், போட்டு ஆறவிடுவேன். ஊசி கழற்றிய சிரிஞ்சில் எடுத்துப் பீய்ச்சுவேன். பிறகு பீட்டாடினை வெறும் டீத்தண்ணி நிறத்துக்குக் கலக்கி ஒற்றி எடுப்பேன். மகள் துண்டால் கண்ணை மூடிப் பிடித்துக்கொள்வாள். கண் மறைந்தால் கோழி அடங்கிவிடும். ஆனால் நெஞ்சை அமுக்கிப் பிடிக்கக் கூடாது. நமக்கு இருக்கிற மாதிரி உதரவிதானம் அதற்குக் கிடையாது, நெஞ்செலும்பு அசைந்தால்தான் மூச்சே.

மூன்றாம் நாள்தான் வயிற்றைக் கலக்கியது. புண்ணின் ஓரத்தில், இறகின் அடியில், அரிசிமாவு சிந்தின மாதிரி வெள்ளையாகப் பொடிப்பொடியாக ஏதோ இருந்தது. பொடுகு என்று நினைத்தேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தால் நீளநீளமாக, வரிசையாக. ஈ முட்டை! ஒரே நாளில் புழுவாகிவிடும். புண்ணைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்கு இறகைக் கத்தரியால் வெட்டினேன். பிடுங்கினால் தோலும் வந்துவிடும். சின்ன இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து முடிக்க ஒரு மணி நேரம். பக்கத்து வீட்டுக்காரர் மண்ணெண்ணெய் ஊற்றச் சொன்னார், இன்னொருவர் பினாயில் என்றார். இரண்டையும் காதில் வாங்கவில்லை. ஜன்னலுக்குப் பழைய கொசுவலையை அடித்தேன். அதற்குப் பிறகு ஈ வரவில்லை.

சாப்பாடுதான் இழுத்தடித்தது. எச்சம் கரும்பச்சையாகப் போயிற்று. வயிறு காலியாக இருந்தால் பித்தம் மட்டும் அப்படி வருமாம். தண்ணீரை வாயில் ஊற்ற நான் பயந்தேன், நாக்கின் பின்னாலேயே மூச்சுக்குழல் வாய் இருக்கிறது, புரை ஏறினால் அவ்வளவுதான். இங்க் ஃபில்லரால் அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு வைப்பேன். ஒரு நொடி சும்மா இருக்கும். பிறகு தலையைத் தூக்கி, கண்ணை மூடி, விழுங்கும். மறுபடி ஒரு சொட்டு. நாலாம் நாள், அவித்த மஞ்சள்கருவைக் குருணைச் சோற்றில் பிசைந்து வைத்ததும் தானாகக் கொத்தியது. "அதுக்கே அது முட்டையக் குடுக்கறீங்களாம்மா?" என்று மகள் முகம் சுளித்தாள். சிலுப்பிக்கு அந்த யோசனையெல்லாம் இல்லை.

ஒரே சங்கடம், நோய்க்கோழியும் சிலுப்பிக்கொண்டுதான் நிற்கும். இது எப்போதும் அப்படித்தான் என்பதால் தேறுகிறதா சாகிறதா என்று கண்டுபிடிக்க எச்சத்தைத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

அப்புறம் வேலை குறைந்தது. பொருக்குத் தட்டி, அடியில் இளஞ்சிவப்பாகத் தோல் வந்தது. கோழித்தோல் காகிதம் மாதிரி கிழியும், ஆனால் ஆறுகிற வேகம் நம்ப முடியாது. பதினெட்டாம் நாள் வாசலில் கொடாப்புக்குள், அதாவது கோழியைக் கவிழ்த்து மூடுகிற கம்பிக் கூடைக்குள், வைத்து மற்ற கோழிகளுக்குக் காட்டினேன். நேராக விட்டிருந்தால் புதுக்கோழி என்று அடித்திருக்கும். நாலு நாள் கம்பி இடுக்கில் பார்த்துப் பழகிய பிறகு திறந்தேன். சேவல் மட்டும் ஒரு கொத்து கொத்திவிட்டு விட்டது.

இப்போது அந்த இடத்தில் முள்முள்ளாக இறகு முளைக்கிறது, நடுவில் இரண்டு வெள்ளை. சிலுப்பி கூண்டுக்குப் போவதில்லை. பொழுது சாய்ந்ததும் குளியலறைக் கதவுக்கு வந்து நிற்கிறது. உள்ளே யார் குளித்துக்கொண்டிருந்தாலும் கதவைக் கொத்தும். நேற்று உள்ளே இருந்தது அத்தை. "இருடி, தலைக்கு ஊத்திட்டு வாரேன்" என்ற குரல் அடுப்படி வரைக்கும் கேட்டது.