எந்தப் பெரிதோ மொரேனோ?

டிசம்பர் 8, 2024, ஞாயிறு

மார்ச் 3, 4 இங்கே கார்னிவல் விடுமுறை. இவருக்கு அந்த வாரம் முழுக்க லீவு கிடைத்துவிட்டது, அதுவும் மெயிலிலேயே வந்துவிட்டதால் நம்பலாம். புவனோஸ் ஐரஸ் வந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது, இன்னும் அர்ஜென்டினாவின் தென்பகுதியான படகோனியாவைப் பார்க்கவில்லை என்றால் ஊரில் எல்லாரும் ஏதோ திருச்சியில் இருந்துகொண்டு ஸ்ரீரங்கம் போகாதவளைப் பார்ப்பது போலப் பார்க்கிறார்கள். நான் சொல்கிற இடம் இங்கிருந்து இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் என்று யாரிடம் சொல்வது.

"பெரிதோ மொரேனோ போகலாம்" என்றேன். "ஓ, அந்தப் பனியாறா, சூப்பர்" என்று பனியாற்றுக்குப் பக்கத்து ஊரான எல் கலபாதேவுக்கு ஃபிளைட் தேட ஆரம்பித்துவிட்டார். நான் சொன்னது அது இல்லை. போஸ்டரில் எல்லாம் வருகிற அந்த நீலச் சுவர் லாஸ் கிளாசியாரெஸ் தேசியப் பூங்காவில் இருக்கிறது. பெரிதோ மொரேனோ தேசியப் பூங்கா என்பது அதற்கு வடக்கே நேர்கோட்டில் பார்த்தாலே 300 கிலோமீட்டர் தள்ளி, சிலே எல்லையை ஒட்டி. அப்புறம் பெரிதோ மொரேனோ என்று ஓர் ஊரும் இருக்கிறது, அது இன்னும் வடக்கே. மூன்றும் சாந்தா குரூஸ் மாகாணத்திலேயேதான். நம்ம ஊரில் எல்லாத் தெருவும் காந்தி தெருவாக இருப்பது போல.

"பனியாறு இல்லாத பெரிதோ மொரேனோவுக்கு யாராவது போவாங்களா?" என்றார். போகமாட்டார்கள் என்பதுதான் விஷயமே.

டிசம்பர் 14, சனி

இவரைச் சம்மதிக்க வைக்க ஒரு மணிநேரம் பேசினேன். பேசியதை இங்கேயும் எழுதி வைக்கிறேன், நாளைக்கு நானே மறந்துவிட்டால்?

பெரிதோ என்பது பெயர் இல்லை, ஸ்பானிஷில் 'நிபுணர்' என்று பொருள். ஆளின் பெயர் பிரான்சிஸ்கோ மொரேனோ. சிலேயோடு எல்லைத் தகராறு வந்தபோது அர்ஜென்டினா தரப்பின் நிபுணர் அவர். 1881 ஒப்பந்தம், தண்ணீரைப் பிரிக்கும் உயர்ந்த சிகரங்களின் வழியே எல்லை போகும் என்று எழுதிவிட்டது. வடக்கே சிக்கல் இல்லை. படகோனியாவில் ஆறுகள் சொன்னபடி கேட்கவில்லை, சிகரங்களுக்குக் கிழக்கே சமவெளியில் பிறந்து, மலையையே அறுத்துக்கொண்டு மேற்கே பசிபிக்கில் போய் விழுகின்றன. தண்ணீர் பிரியும் இடம்தான் எல்லை என்று சிலே. சிகரம்தான் எல்லை என்று அர்ஜென்டினா.

அதில் மொரேனோ செய்த காரியம் எனக்கு அவ்வளவு பிடிக்கும். ஃபெனிக்ஸ் என்று ஒரு சின்ன ஆறு, படகோனியாவில் புவனோஸ் ஐரஸ் என்றே பெயருள்ள ஏரியில் கலந்து அப்படியே பசிபிக்குக்குப் போய்க்கொண்டிருந்தது. 1898இல் ஆட்களை வைத்துச் சில நாளில் ஒரு வாய்க்கால் வெட்டி, அதைத் தெசெயாதோ ஆற்றுப் பக்கம், அதாவது அட்லாண்டிக் பக்கம் திருப்பிவிட்டார். கடப்பாரை மண்வெட்டியோடு போனால் மாறிவிடுகிற ஒன்றை எப்படி ஒரு நாட்டின் எல்லையாக வைப்பீர்கள் என்பது வாதம். 1902இல் பிரிட்டிஷ் அரசர் ஏழாம் எட்வர்டின் தீர்ப்பு வந்து, நிலத்தை இரண்டு பேருக்கும் பங்கு போட்டது.

1937இல் உருவான இந்தப் பூங்காவில் எட்டுப் பெரிய ஏரிகள். ஏழு பசிபிக் பக்கம் வடிகின்றன, புர்மைஸ்டர் மட்டும் அட்லாண்டிக்குக்கு. எனக்குக் காலையில் பெல்கிரானோ ஏரியில் கை நனைக்க வேண்டும், மாலையில் புர்மைஸ்டரில். அவ்வளவுதான் ஆசை. "இதுக்கு இரண்டாயிரம் கிலோமீட்டரா?" என்று கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து, "கார் நான்தான் ஓட்டுவேன்" என்றார். சரி.

டிசம்பர் 29, ஞாயிறு

மூன்றாம் மாடிப் பாட்டி படகோனியாவில் கிரகோரெஸ் என்ற ஊர்ப் பக்கம் ஓர் ஆட்டுப் பண்ணையில் வளர்ந்தவர் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. இரண்டு வருடமாக லிஃப்டில் வெயிலைப் பற்றி மட்டுமே பேசியிருக்கிறோம்! மாத்தே என்கிற இலைத் தேநீர்க் குடுவையை நீட்டிக்கொண்டே அவர் கேட்ட முதல் கேள்வி, எந்த ஓட்டல் என்றோ எத்தனை நாள் என்றோ இல்லை.

"காரை எந்தப் பக்கம் பார்க்க நிறுத்துவாய் மகளே?"

நிழல் இருக்கிற பக்கம் என்றேன். அந்தப் பக்கம் மரமே கிடையாதாம், சிரித்தார். காற்றைப் பார்த்துக் காரின் மூக்கை வைத்து நிறுத்த வேண்டும். பின்பக்கமாகக் காற்று வந்தால், கதவைத் திறந்த நொடியில் பிடுங்கி முன்பக்கமாக மடக்கிவிடும், கீல் வளைந்துவிட்டால் அப்புறம் கதவு மூடாது. ஒரு நேரத்தில் ஒரு கதவுதான் திறக்க வேண்டும், இரண்டு பக்கமும் திறந்தால் உள்ளே இருக்கிற காகிதம், தொப்பி எல்லாம் சிலேயிலிருந்து வந்த காற்றோடு அட்லாண்டிக்குக்கே போய்விடும். சமையலறைக் கதவின் கைப்பிடியைப் பிடித்து, மற்றக் கையால் சட்டத்தையும் பிடித்து, உடம்பால் முட்டுக் கொடுத்து எப்படித் திறப்பது என்று நடித்தும் காட்டினார். எண்பதைத் தாண்டியவர்.

நான் ஆரல்வாய்மொழிக் காற்றில் வளர்ந்தவள், காற்றாலை இறக்கை சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்கூடம் போனவள் என்று கொஞ்சம் பெருமையாகச் சொன்னேன். பாட்டி கேட்டுக்கொண்டார். கருத்துச் சொல்லவில்லை.

ஜனவரி 11, 2025, சனி

வாடகைக் கார் ஒப்பந்தம் வந்தது. நிறுவனம் பெயர் வேண்டாம், எல்லாரும் இப்படித்தான் என்கிறார்கள். காப்பீடு உண்டு. ஆனால் டயருக்குக் கிடையாது, கண்ணாடிக்குக் கிடையாது, வண்டியின் அடிப்பக்கத்துக்குக் கிடையாது, காற்றில் கதவு போனால் கிடையாது. கார் உருண்டால் நம் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகை தனி, அது மற்றதைவிடப் பல மடங்கு. மிச்சம் என்ன இருக்கிறது, ஸ்டியரிங்கா?

உருளுவதைப் பற்றி இவ்வளவு கவலைப்படுவதற்குக் காரணம் ரிப்பியோ. நம்ம கப்பி ரோடு மாதிரிதான், ஆனால் உருண்டைக் கூழாங்கல். முன்னால் போன வண்டிகளின் தடத்தில் சக்கரத்தை வைத்துக்கொண்டு 40, 50இல் போனால் ஒன்றும் ஆகாது. 90இல் போய், குவானகோ என்கிற ஒட்டக இன விலங்கு ஒன்று குறுக்கே வந்து, பிரேக்கை மிதித்தால் வண்டி வழுக்கி, தடத்துக்கு நடுவே குவிந்திருக்கும் கல் மேட்டில் ஏறிக் கவிழும். பக்கவாட்டுக் காற்றும் சேர்ந்துகொள்ளும்.

இரண்டு ஸ்டெப்னி கேட்டிருக்கிறேன். ஒன்றுதான் தருவார்களாம். கேட்டுக்கொண்டே இருப்பேன்.

ஜனவரி 26, ஞாயிறு

இன்றைக்கு முழுக்கப் பெட்ரோல் கணக்கு. ஃபிளைட் கோமோதோரோ ரிவதாவியா வரைக்கும். அங்கிருந்து பெரிதோ மொரேனோ ஊருக்குச் சுமார் 400 கிலோமீட்டர், தார் ரோடு, பிரச்சினை இல்லை. அங்கிருந்து 40ஆம் எண் தேசியச் சாலையில் தெற்கே பாஹோ கராகோலெஸ் ஏறக்குறைய 130. அது ஊர் என்று சொல்ல முடியாது, சில வீடு, ஒரு பம்ப். அதற்கப்புறம் 100 போனால் மாகாணச் சாலை 37 பிரிகிறது, அதில் ரிப்பியோ 90. பூங்காவில் பெட்ரோல் இல்லை, கடை இல்லை, போன் சிக்னல் இல்லை. உள்ளே சுற்ற 60 வைத்துக்கொள்ளலாம்.

டேங்க் 50 லிட்டர். ரிப்பியோவிலும் எதிர்காற்றிலும் லிட்டருக்குப் பத்துக்கு மேல் எதிர்பார்க்காதே என்கிறார் பாட்டி. பாஹோ கராகோலெஸில் நிரப்பிக்கொண்டு போய் அங்கேயே திரும்பினால் 440, கூட்டிக் கழித்தால் வந்துவிடும். ஆனால் அங்கே சில சமயம் சரக்கு இருக்காது. அப்படியானால் பெரிதோ மொரேனோ ஊரில் நிரப்பியதுதான், போய்த் திரும்ப 700. டேங்கோடு 20 லிட்டர் கேன் சேர்த்தால் மொத்தம் 70 லிட்டர், 700 கிலோமீட்டர். காகிதத்தில் சரியாக வருகிறது. சரியாக வருகிற கணக்கைத்தான் நான் நம்புவதில்லை. அதனால் திரும்பும்போது முள் கீழே இருந்தால் வடக்கே ஏறாமல் தெற்கே கிரகோரெஸுக்கு இறங்கிவிடுவது, பிரிவிலிருந்து 130தான்.

கிரகோரெஸ் என்றதும் இவர் கண் மலர்ந்தது. "அங்கேயிருந்து அப்படியே பனியாறு..." கிரகோரெஸுக்கும் திரெஸ் லாகோஸுக்கும் நடுவே 40ஆம் சாலையில் இன்னும் தார் போடாத 73 கிலோமீட்டர்த் துண்டு ஒன்று இருக்கிறது, இங்கே அதற்குப் பெயரே 'சபிக்கப்பட்ட 73'. மழை பெய்தால் களி. பெயரைச் சொன்னேன், வேறு ஒன்றும் சொல்லவில்லை. பனியாறு ரத்து.

பிப்ரவரி 9, ஞாயிறு

சாப்பாடு. படகோனியாவின் வடக்கு எல்லையான கொலராடோ ஆற்றுக்குத் தெற்கே பழம், எலும்போடு இறைச்சி இதெல்லாம் கொண்டுபோகக் கட்டுப்பாடு, பழ ஈயும் கோமாரியும் வராமல் இருக்க. இறைச்சி எங்களுக்குத் தேவையில்லை. பெல்கிரானோ பேட்டையில் இருக்கிற சீனக் கடைத்தெருவில் புளி வாங்கி வந்து புளிக்காய்ச்சல் கிண்டியாயிற்று, வீடு முழுக்க நல்லெண்ணெய் வாசனை. கொண்டுபோய்ச் சாப்பிடப்போவதும் பெல்கிரானோ ஏரிக் கரையில். இந்த நாட்டுக் கொடியை உருவாக்கியவர் பெயர், எங்கே பார்த்தாலும் அவர்தான்.

கேஸ் அடுப்பின் சிலிண்டரை ஃபிளைட்டில் ஏற்ற முடியாது, கோமோதோரோவில் வாங்க வேண்டும். பூங்காவில் விறகு மூட்டக் கூடாது, அதனால் அது இல்லாவிட்டால் மூன்று நாளும் அவல்தான். அவலும் எடுத்து வைத்தேன்.

பூங்காவின் ரெஃபூகியோவில், அதாவது மலைக் குடிலில், இரண்டு இரவுக்கு முன்பதிவு உறுதியாகிவிட்டது. கட்டில் உண்டு, மெத்தை இல்லை. 900 மீட்டர் உயரம், மார்ச்சிலேயே ராத்திரி சுழியத்துக்குக் கீழே போகலாமாம்.

அம்மா வாட்ஸப்பில்: "கடையும் இல்ல, போனும் இல்ல. அங்க போயி என்னத்தப் பாக்கப் போறிய மக்கா?" தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்கப் போகிறோம் என்றேன். அப்பாவிடம் போனைக் கொடுத்துவிட்டாள்.

பிப்ரவரி 22, சனி

போகிற வழியில் கைகளின் குகைக்கு ஒரு நாள் ஒதுக்கியாயிற்று. பிந்துராஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில், பாறையில் கையை வைத்து, எலும்புக் குழலால் வண்ணத்தை ஊதி எடுத்த அச்சுகள், சில 9,000 வருடத்துக்கும் பழையவை. பெரும்பாலும் இடது கை. வலது கையில் குழல். இவ்வளவு காலம் கழித்தும் யார் வலது கைப்பழக்கம் என்று தெரிகிறது.

இதற்காகப் பூங்காவில் அசாரா ஏரி நடையை வெட்ட வேண்டியதாயிற்று. பெல்கிரானோ தீபகற்ப நடை இருக்கிறது, புர்மைஸ்டர் இருக்கிறது. ஹுவேமுல் மான் கண்ணில் பட்டால் அதிர்ஷ்டம். எதிர்பார்க்கவில்லை என்று எழுதி வைக்கிறேன், ஆனால் எதிர்பார்க்கிறேன்.

இரண்டாவது ஸ்டெப்னி தருகிறார்களாம்! ஏழாவது மெயிலில். தனி வாடகை.

பிப்ரவரி 27, வியாழன்

பாட்டி மேலே வந்து ஒரு முழத் துணிக்கயிறு கொடுத்தார். கதவின் உள்பக்கக் கைப்பிடியில் ஒரு முனை, என் மணிக்கட்டில் ஒரு முனை. ஆரல்வாய்மொழிக்காரிக்கு இது எதற்கு என்று கேட்க வாயெடுத்துவிட்டு, வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்.

ராத்திரி எட்டு மணிக்குப் பெரிதோ மொரேனோ ஊரில் தங்கப்போகிற வீட்டுக்காரம்மாவிடமிருந்து ஒரு குரல் செய்தி. தெற்கே வழியில், பாஹோ கராகோலெஸ் பம்பில், பெட்ரோல் தீர்ந்துவிட்டதாம், அடுத்த டேங்கர் லாரி சனிக்கிழமை வரலாம், வராமலும் போகலாம், காற்றைப் பொறுத்தது.

இவர் என்னைப் பார்த்தார். நான் கணக்கு எழுதின காகிதத்தை எடுத்து, 20 லிட்டர் கேன் என்று இருந்ததை இரண்டு கேன் என்று திருத்தினேன். டிக்கியில் இடம் பண்ண அவருடைய கேமரா ஸ்டாண்டை வெளியே எடுத்தாயிற்று. அதற்குத்தான் இப்போது சண்டை.