பட்டியலை எழுதிய கை

2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பிந்திய முதல் வாரத்தில், இலங்கையின் கிழக்கே கல்முனைக் கரையோரத்துப் பாடசாலை ஒன்றில் தங்கியிருந்த எங்களுக்கு உணவுப் பொதி கொண்டுவந்தவர்களை எந்த ஊரார், எந்த மதத்தார் என்று எவரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. மேற்கே இருந்த சிங்களக் கிராமங்களிலிருந்து பாணும் பருப்புக் கறியும் லொறிகளில் வந்தன. கரையோரத்துத் தமிழரும் முஸ்லிம்களும் அவற்றை ஒரே வரிசையில் நின்று வாங்கினோம். இரண்டாவது வாரத்தில் பெயர்ப் பட்டியல் எழுதத் தொடங்கினார்கள். அத்திவாரம்வரை வீட்டை இழந்த என் பெரியம்மாவின் பெயர் அதில் விடுபட்டிருந்தது. பட்டியலை எழுதியவரின் உறவினர் ஒருவருக்கு, அலை எட்டாத தெருவில் வீடு இருந்தும், தறப்பாளும் பணமும் கிடைத்தன. "வெளிநாட்டாக்கள் அனுப்பின சாமான் வந்துதான் கிடக்கு மகன், நடுவுல நிக்கிறவன்தான் ஆள் பார்த்துக் குடுக்கான்" என்றார் பெரியம்மா.

வெளிநாட்டு உதவியைப் பற்றி எங்கள் நாட்டு மக்கள் கொண்ட எண்ணத்தை விளங்கிக்கொள்ள, இந்த ஒரு வாக்கியத்தையே நான் இன்றும் திறவுகோலாக வைத்திருக்கிறேன். உதவியின் தொகையையோ கொடுத்த நாட்டின் உள்நோக்கத்தையோ வைத்து மக்கள் அதை எடைபோடவில்லை. அது யார் கை வழியாக வருகிறது என்பதைத்தான் பார்த்தார்கள். அந்தக் கை நம்மவருடையதா மற்றவருடையதா என்ற கேள்வியைப் போர் எழுப்பியது; எந்தக் கையானாலும் கொஞ்சத்தை வைத்துக்கொண்டுதான் தரும் என்ற முடிவை ஊழல் கற்பித்தது.

2005 ஜூன் 24ஆம் திகதி அரசும் விடுதலைப் புலிகளும் கைச்சாத்திட்ட, ஆழிப்பேரலை உதவியைக் கூட்டாக நிர்வகிப்பதற்கான பொதுக்கட்டமைப்பு உடன்படிக்கையின் கதை இதற்குச் சான்று. வடக்கு, கிழக்கின் ஆறு மாவட்டங்களில் கரையோர மீள்கட்டுமானத்துக்கான நிதியைப் பங்கிடவிருந்த பிராந்தியக் குழுவில் புலிகளுக்கு ஐந்து, முஸ்லிம்களுக்கு மூன்று, அரசுக்கு இரண்டு என இடங்கள் ஒதுக்கப்பட்டன. உதவி வழங்கும் நாடுகள் இதை வரவேற்றன. ஆனால் தெற்கில் பலர் இதை நாட்டைப் பிரிக்கும் முதற்படியாகக் கண்டார்கள். மக்கள் விடுதலை முன்னணி உடன்படிக்கை கைச்சாத்தாகும் முன்னரே அரசிலிருந்து வெளியேறி, பின்னர் உயர் நீதிமன்றத்தை நாடியது. ஜூலை நடுப்பகுதியில் முக்கியப் பிரிவுகளுக்கு நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பேரழிவில் பெரும் பங்கைச் சுமந்தும் கையெழுத்திடும் மேசையில் தங்களுக்கு இடம் தரப்படவில்லை என்று எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் சினந்தார்கள். நாட்டிலேயே மிகுதியான உயிர்களை இழந்த அம்பாறை மாவட்டத்தில் வாழ்ந்த எனக்கு அந்தச் சினம் முழுக்க நியாயமாகவே பட்டது, இன்றும் படுகிறது.

அதே ஜூலையில்தான் அம்பாந்தோட்டை நிதி விவகாரம் பத்திரிகையில் வெளியானது. அப்போது பிரதமராக இருந்த மகிந்த ராஜபக்சவின் அலுவலகத்துக்கு நிவாரணத்துக்காக வந்த பணத்தில் சுமார் 83 மில்லியன் ரூபாய், அவருடைய சொந்த மாவட்டத்தின் பெயரிலான 'ஹெல்ப்பிங் ஹம்பாந்தோட்டை' என்ற கணக்குக்கு மாற்றப்பட்டது என்பதே குற்றச்சாட்டு. அவர் அதை மறுத்தார். உயர் நீதிமன்றம் பொலிஸ் விசாரணையை முதலில் இடைநிறுத்தி, 2006இல் முற்றாகத் தடுத்தது. அந்தத் தீர்ப்பை வழங்கிய முன்னாள் பிரதம நீதியரசர் சரத் என். சில்வா பல ஆண்டுகள் கழித்து அதற்காகப் பகிரங்கமாக வருந்தினார்.

இரண்டு செய்திகளும் ஒரே காலத்தில் வந்தன என்பதை நான் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு. நவம்பரில் நடந்த ஜனாதிபதித் தேர்தலில் தெற்கின் மேடைகளை அதிரவைத்தது காணாமற்போன பணம் பற்றிய பேச்சு அல்ல. பொதுக்கட்டமைப்பை ஒழிப்போம் என்ற வாக்குறுதிதான். எதிரிக்குப் போய்விடக்கூடிய ஒரு ரூபாயை நினைத்துக் கொதித்தவர்கள், தம்மவர் கையில் மறைந்ததாகச் சொல்லப்பட்ட கோடிகளைப் பெரிதாகக் கேட்கவில்லை. வடக்கு, கிழக்கில் நாங்களும் இதில் வேறுபட்டவர்கள் அல்லர். எங்கள் பெயரால் வெளிநாடுகளில் திரட்டப்பட்ட பணத்துக்குக் கணக்குக் கேட்பதைத் துரோகமாகக் கருதிய காலம் எங்களிடமும் இருந்தது. போர், திருட்டுக்குத் திரை போடுகிறது.

அக்கரைப்பற்றுக்கு அருகே நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் நிதியில், பாடசாலையும் மருத்துவமனையும் பள்ளிவாசலும் சந்தையும் சேர்த்து, 500 வீடுகள் கட்டப்பட்டன. பௌத்தர்களின் புனிதத் தலமான தீகவாபிக்கு அண்மையான நிலம் என்று எதிர்ப்பு எழுந்து வழக்கானது. நாட்டின் இன விகிதப்படியே வீடுகளைப் பகிரவேண்டும் என 2009இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அலை பறித்தது இன விகிதப்படி அல்லவே. கதவும் கூரையும் இருந்த வீடுகள் ஆண்டுக்கணக்கில் ஆளில்லாமல் புதர் மண்டிக் கிடந்தன. அந்த வழியாகப் பஸ்ஸில் போகும் ஒருவரிடம் வெளிநாட்டு உதவியின் பயனைப் பற்றி எந்தப் புள்ளிவிவரத்தைச் சொன்னாலும் அது அவர் காதில் ஏறாது.

போர் மீண்டும் மூண்டபின் தெற்கில் 'என்.ஜி.ஓ.' என்பது ஏறக்குறைய வசைச்சொல்லாகவே ஆயிற்று. தொண்டு நிறுவனங்களின் சொகுசு வாகனங்களையும் பெரும் வீட்டு வாடகைகளையும் கண்டு மக்கள் மனத்தில் முன்பே ஊறியிருந்த எரிச்சலை, அவர்கள் புலிகளுக்கு உதவுகிறார்கள் என்ற பேச்சு எளிதில் வளர்த்தது. 2006 ஓகஸ்ட் 4ஆம் திகதி மூதூரில் பிரெஞ்சுத் தொண்டு நிறுவனம் ஒன்றின் உள்ளூர்ப் பணியாளர் 17 பேர் சுட்டுக்கொல்லப்பட்டபோதுகூட, நாடு முழுவதற்குமான துக்கமாக அது மாறவில்லை. 2008 செப்டெம்பரில் ஐ.நா.வையும் சர்வதேச நிறுவனங்களையும் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியைவிட்டு வெளியேறுமாறு அரசு பணித்தது. அதைத் தெற்கில் பலர் வரவேற்றிருக்க, கிளிநொச்சியில் ஐ.நா. அலுவலக வாசலில் திரண்ட மக்கள் போகவேண்டாம் என்று மன்றாடினார்கள். அந்த நிறுவனங்களின் வீண்செலவு அவர்களுக்கும் தெரியாததல்ல. ஆனால் அவர்களுக்கு அந்த வெள்ளை வாகனங்கள் உதவியைவிட மேலான ஒன்று. நடப்பதைப் பார்க்க வெளியார் ஒருவர் இருக்கிறார் என்ற காவல்.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் தமிழ்நாட்டு அரசு அரிசியும் பால்மாவும் மருந்தும் அனுப்பியது. முதலில் தமிழருக்கு அனுப்பவே முதலமைச்சர் ஸ்டாலின் எண்ணியிருந்தார். இங்குள்ள தமிழ்த் தலைவர்களே எல்லா மக்களுக்கும் அனுப்புமாறு கேட்டார்கள். அந்த வேண்டுகோளைப் படித்தபோது என் கண் கலங்கியது. எங்கள் பகுதிக்கு அரிசி வந்த நாளில், தொண்ணூறை நெருங்கிய பெரியம்மாவிடம் செய்தியைச் சொன்னேன். யார் அனுப்பினார்கள், எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை.

"பட்டியல் ஆர் எழுதினது மகன்?" என்றார்.